நண்பர் திருமணத்தில் கேமரா பிடிக்கப் போகிறவருக்கு எந்த லென்ஸ்?

ஐம்பது, அறுபது பேர் மட்டும் கூடும் திருமணம். பெரிய மண்டபம் கிடையாது. தோட்டத்து மாரியம்மன் ஆலயத்தில் காலை முகூர்த்தம், வெளியே இரண்டு கூடாரம், வாழை இலைச் சாப்பாடு. தொழில்முறைப் படப்பிடிப்பாளரை அமர்த்தக் கையில் பணம் இல்லை. அல்லது இருக்கிற பணத்தை வீட்டு முன்பணத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று மணமக்கள் முடிவு செய்துவிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பேச்சு வரும்: "உன்கிட்டதான் கேமரா இருக்கே, நீயே எடுத்துடு லா."

சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, பீடோர் பக்கங்களில் இது புதிய கதை அல்ல. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதன் பிறகு கூட்டம் சேர்க்க முடியாத மாதங்களில் பல குடும்பங்கள் திருமணத்தைச் சுருக்கிச் செய்யப் பழகின. கட்டுப்பாடு போன பிறகும் சிலருக்கு அந்த அளவே பிடித்துப்போனது. செலவும் குறைவு, கடனும் இல்லை.

நண்பருக்காக ஒப்புக்கொண்டவர் அடுத்த நாளே தேடத் தொடங்கும் கேள்வி, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்பது. கடையில் கேட்டாலும் நண்பர்களிடம் கேட்டாலும் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "50 மில்லிமீட்டர், எஃப் 1.8 வாங்கு. விலை மலிவு, வெளிச்சம் குறைந்த இடத்திலும் எடுக்கும், பின்னணி மங்கலாக அழகாக வரும்." சொல்வது எல்லாம் உண்மை. ஆனாலும் தோட்டத்து ஆலயத்தில் நடக்கும் சிறிய திருமணத்துக்கு அந்த ஒரு லென்ஸை மட்டும் நம்பிப் போகிறவர், தாலி கட்டும் நேரத்தில் பின்னால் நகர இடம் தேடிக்கொண்டிருப்பார்.

முதலில் அளக்க வேண்டியது தூரம்

தோட்டத்து ஆலயங்கள் பெரும்பாலும் சிறியவை. கருவறை, அதற்கு முன்னால் சில தூண்களோடு தகரக் கூரை போட்ட ஒரு முன்கூடம். மணமேடை அந்த முன்கூடத்திலேயே அமையும். ஐயர், ஹோமக் குண்டம், இரு பக்கத்துப் பெற்றோர், மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ, விளக்கு பிடிக்கும் சிறுமி என எல்லாரும் நின்ற பிறகு, படம் எடுப்பவருக்குக் கிடைப்பது இரண்டு முதல் மூன்று மீட்டர் தூரம்தான். பின்னால் போகலாம் என்று பார்த்தால் பாய் விரித்துப் பெரியம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். இந்த மூன்று மீட்டருக்குள் எந்த லென்ஸில் என்ன அடங்கும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

புதிதாக எடுப்பவர்கள் கையில் அதிகம் காணப்படும் கேமராக்கள் கேனன் 1500டி, நிக்கான் டி3500, சோனி ஏ6000 போன்றவை. இவற்றின் உள்ளே ஒளியைப் பதிவு செய்யும் சென்சார் ஏறக்குறைய 22 முதல் 24 மில்லிமீட்டர் அகலம் கொண்டது. அதனால் ஓர் எளிய கணக்கு கிடைக்கிறது. 24 மிமீ லென்ஸில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறோமோ கிட்டத்தட்ட அவ்வளவு அகலம் படத்தில் அடங்கும். மூன்று மீட்டர் தள்ளி நின்றால் ஏறக்குறைய மூன்று மீட்டர் அகலம். 18 மிமீ என்றால் தூரத்தைப் போல ஒன்றேகால் மடங்கு. 35 மிமீ என்றால் மூன்றில் இரண்டு பங்கு. 50 மிமீ என்றால் பாதிக்கும் கொஞ்சம் குறைவு. 85 மிமீ என்றால் கால் பங்குதான்.

மாலை போட்டு அருகருகே உட்கார்ந்திருக்கும் மணமக்கள் மட்டுமே ஒன்றேகால் மீட்டரிலிருந்து ஒன்றரை மீட்டர் வரை இடம் பிடிப்பார்கள். மூன்று மீட்டர் தூரத்தில் 50 மிமீ லென்ஸ் காட்டும் அகலம் 1.4 மீட்டர். மாப்பிள்ளையின் தோளோ பெண்ணின் முழங்கையோ வெட்டுப்படும். கன்னிகாதானத்தின்போது தாரை வார்க்கும் அப்பா, அவர் கைக்குக் கீழே தட்டைப் பிடிக்கும் அம்மா எல்லாரும் சட்டத்துக்கு வெளியே போய்விடுவார்கள். அதே இடத்தில் 24 மிமீ லென்ஸ் மணமக்களையும் இரு பக்கத்துப் பெற்றோரையும் ஒன்றாகக் காட்டும். வசதியான மண்டபத்தில் மேடைக்கு முன்னால் பத்து மீட்டர் திறந்த இடம் இருக்கும். அங்கே 50ம் 85ம் ராஜா. தோட்டத்து ஆலயத்தில் அந்த இடம் இல்லை.

முழு அளவு சென்சார் கொண்ட கேமரா வைத்திருப்பவர்கள் இந்த எண்களை ஒன்றரையால் பெருக்கிக்கொள்ளலாம். இங்கே 24 என்று சொன்னது அவர்களுக்கு ஏறக்குறைய 35.

அளப்பதற்கு டேப் கூடத் தேவையில்லை. ஆலயத் தரையில் ஓர் அடிச் சதுர ஓடுகள் பதித்திருந்தால் பத்து ஓடு மூன்று மீட்டர். திருமணத்துக்கு முதல் நாள் பந்தக்கால் நடும்போதோ தோரணம் கட்டும்போதோ போய், மணமேடை எங்கே வரும், ஐயர் எந்தப் பக்கம் உட்காருவார், தான் எங்கே நிற்கலாம் என்று பார்த்துவிட வேண்டும். முடிந்தால் முகூர்த்த நேரத்திலேயே போவது நல்லது. காலை எட்டு மணிக்கு எந்தப் பக்கத்திலிருந்து வெயில் விழுகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

அகல லென்ஸுக்கும் குறை உண்டு. 18 மிமீயில் எடுத்தால் படத்தின் ஓரத்தில் நிற்பவர்களின் முகமும் கையும் பக்கவாட்டில் இழுபட்டதுபோல் தெரியும். ஓரத்தில் நிற்கும் அத்தை, தன்னை ஏன் இவ்வளவு குண்டாக எடுத்தாய் என்று கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஓரத்தில் தூண், குத்துவிளக்கு, வாழை மரம் வரும்படி விட்டு, மனிதர்களை நடுப்பகுதியில் வைக்க வேண்டும். முகத்துக்கு ஒரு மீட்டருக்குள் நெருங்கி எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரியும். அது லென்ஸ் செய்யும் வேலை அல்ல, நெருக்கம் செய்யும் வேலை. முகத்தை மட்டும் எடுக்க வேண்டுமானால் ஒன்றரை மீட்டராவது தள்ளி நிற்பது நலம்.

வெளிச்சக் கணக்கு

தூரத்துக்கு அடுத்தது வெளிச்சம். லென்ஸின் பெயரில் எஃப் என்ற எழுத்துக்குப் பின்னால் வரும் எண், உள்ளே இருக்கும் துளை எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறியதாக இருந்தால் துளை பெரியது. எஃப் 5.6ஐவிட எஃப் 2.8 நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். எஃப் 1.8 ஒன்பது மடங்குக்கும் மேல் விடும்.

குழல் விளக்கு மட்டும் எரியும் ஓர் ஆலய முன்கூடத்தை எடுத்துக்கொள்ளலாம். அங்கே 1/100 வினாடியில் எஃப் 5.6க்கு ஐஎஸ்ஓ 6400 தேவைப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், அதே படத்துக்கு எஃப் 2.8இல் 1600 போதும், எஃப் 1.8இல் 640 போதும். ஐஎஸ்ஓ ஏற ஏற படத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவியதுபோல் தெரியும். பட்டுச் சேலையின் சரிகையும் கருப்பு முடியும்தான் முதலில் அதில் கெட்டுப்போகும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும் எஃப் 1.8தான் வேண்டும் என்று தோன்றும். ஆனால் துளையை அகலமாகத் திறந்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துவிடும். 50 மிமீ லென்ஸை எஃப் 1.8இல் வைத்து இரண்டு மீட்டரில் எடுத்தால், முன்னும் பின்னும் சேர்த்து ஏறக்குறைய 11 சென்டிமீட்டர்தான் தெளிவாக இருக்கும். தாலி கட்டும்போது பெண் குனிந்திருப்பாள், மாப்பிள்ளை அவளுக்குப் பின்னாலோ பக்கத்திலோ சாய்ந்திருப்பார். இரு முகங்களுக்கும் இடையே ஒரு முழம் வித்தியாசம் இருக்கும். பெண்ணின் முகம் தெளிவாக வந்தால் மாப்பிள்ளை மங்கிப்போவார். கேமராவின் சின்னத் திரையில் அது தெரியாது. வீட்டில் கணினியில் போட்ட பிறகுதான் தெரியும். 24 மிமீ லென்ஸை எஃப் 2.8இல் அதே இரண்டு மீட்டரில் வைத்தால் 70 சென்டிமீட்டருக்கு மேல் தெளிவு கிடைக்கும். இருவரும் தப்பித்தார்கள்.

பலர் கவனிக்காத ஒரு விஷயம் இதில் இருக்கிறது. கேமரா வாங்கும்போது கூடவே வரும் 18-55 கிட் லென்ஸை எல்லாரும் மட்டமாகப் பேசுவார்கள். அதன் நீள முனையில், அதாவது 55இல், துளை எஃப் 5.6தான்; வெளிச்சம் போதாது என்ற புகார் அங்கே உண்மை. ஆனால் அகல முனையான 18இல் அது எஃப் 3.5. 24க்கு வந்தால் ஏறக்குறைய எஃப் 4. எஃப் 2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் இரண்டு மடங்குதான் வித்தியாசம். ஆலயத்தில் 1600க்குப் பதிலாக ஐஎஸ்ஓ 3200 வைத்தால் சரியாகிவிடும். இன்றைய கேமராக்கள் அதைத் தாங்கும். ஆகவே கையில் கிட் லென்ஸ் மட்டுமே இருப்பவர், தூரத்தில் நின்று இழுத்து எடுக்காமல், நெருங்கிப் போய் 18க்கும் 24க்கும் இடையில் வைத்து எடுத்தால் நல்ல படங்கள் கிடைக்கும். ஒரு காசு செலவில்லை.

வரலாற்றில் பின்னால் போய்ப் பார்த்தால் இந்த எஃப் 3.5 சாதாரணமானது அல்ல. 1840இல் வியன்னாவில் ஜோசப் பெட்ஸ்வால் என்ற கணித அறிஞர் மனித முகங்களை எடுப்பதற்கென்றே ஒரு லென்ஸைக் கணக்கிட்டு உருவாக்கினார். அதற்கு முன் ஒருவர் படம் எடுத்துக்கொள்ள நிமிடக் கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்தது. உலகையே வியக்கவைத்த அந்த லென்ஸின் துளை சுமார் எஃப் 3.6. அலமாரியில் கிடக்கும் கிட் லென்ஸின் அகல முனை அதற்குக் குறைந்தது அல்ல.

ஷட்டர் வேகத்தில் மலேசியாவுக்கே உரிய ஒரு கணக்கும் உண்டு. இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய குழல் விளக்குகளும் மலிவான எல்இடி விளக்குகளும் கண்ணுக்குத் தெரியாமல் வினாடிக்கு 100 முறை மினுங்கும். 1/250 போன்ற வேகத்தில் எடுத்தால் ஒரு படம் பிரகாசமாகவும் அடுத்த படம் மஞ்சளாகவும், சில வேளைகளில் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகவும் வரும். அத்தகைய விளக்கின் கீழே 1/100 வினாடி பாதுகாப்பானது. சத்தமில்லாமல் எடுக்கும் மின்னணு ஷட்டர் வசதி உள்ள கேமராக்களில் இந்தப் பட்டைகள் இன்னும் மோசமாக விழும். ஆலயத்துக்குள் அதை அணைத்து வைக்கலாம். நாதஸ்வரமும் மேளமும் வாசிக்கும் இடத்தில் கேமராவின் சின்னச் சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாது.

ஆலயத்தின் திறந்த பக்கம் வழியாக வெயில் மணமக்களுக்குப் பின்னால் விழுந்தால், கேமரா அந்த வெளிச்சத்தையும் வெள்ளை வேட்டியையும் பார்த்து ஏமாந்துபோய் முகங்களைக் கறுப்பாக்கிவிடும். வெளிச்சத் திருத்தத்தில் ஒரு படி கூட்டி வைத்தால் முகம் தெளியும், பின்னால் வெளுத்தால் வெளுக்கட்டும். உள்ளமைந்த ஃபிளாஷ் வேண்டாம். ஹோமப் புகைமேல் அது பட்டால் வெள்ளைத் திரை விழுந்ததுபோல் ஆகிவிடும். பருமனான லென்ஸ் மாட்டியிருந்தால் அதன் நிழல் படத்தின் கீழே அரைவட்டமாக விழும்.

மூன்று முடிச்சு, சில வினாடி

மற்ற சடங்குகளில் ஒன்று தவறினால் இன்னொன்று இருக்கிறது. மாலை மாற்றுவதை மறுபடி செய்யச் சொன்னால்கூட மணமக்கள் சிரித்துக்கொண்டே செய்வார்கள். தாலி அப்படி அல்ல. கெட்டி மேளம் என்று குரல் எழுந்த பிறகு எல்லாம் முடிய ஆகும் நேரம் சில வினாடிகள்தான்.

அந்த வினாடிகளில் என்னென்ன நடக்கும் என்று முன்பே யோசித்துவிட வேண்டும். உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். நாலாபுறமும் கைப்பேசிகள் நீளும். அட்சதையும் பூவும் லென்ஸுக்கும் பெண்ணுக்கும் நடுவில் பறக்கும். எந்த இடத்தில் குவிப்பது என்று கேமராவிடமே விட்டிருந்தால் அது பறக்கும் மஞ்சள் அரிசியைப் பிடித்துக்கொள்ளும். நடுப் புள்ளி ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அதைப் பெண்ணின் முகத்தில் வைத்து, தொடர்ந்து எடுக்கும் முறையில் விரலை அழுத்திப் பிடிக்க வேண்டும். பல குடும்பங்களில் மூன்றாவது முடிச்சை நாத்தனார் போடுவார். அவர் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று முன்பே கேட்டுக்கொண்டால், அவர் முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம்.

இங்கேதான் அகல லென்ஸின் உண்மையான நன்மை தெரியும். மணமக்களுக்கு மிக அருகில், ஐயருக்கு எதிர்ப்பக்கத்தில், முழங்காலிட்டு இரண்டு மீட்டரில் இருப்பவருக்கு முன்னால் யாரும் வந்து நிற்க இடமே இல்லை. தூரத்தில் 85 மிமீ வைத்து நிற்பவரின் பார்வையை ஒரே ஒரு சித்தப்பா எழுந்து நின்றால் மறைத்துவிடலாம். அவ்வளவு அருகில் உட்கார ஐயரின் சம்மதம் வேண்டும். "ஐயரே, இந்த மூலையில் உட்கார்ந்து எடுத்துக்கொள்ளலாமா?" என்று சடங்கு தொடங்கும் முன் கேட்டால் பெரும்பாலோர் இடம் காட்டுவார்கள். கருவறைப் பக்கம் கேமராவைத் திருப்புவதற்கு ஆலய நிர்வாகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். சில ஆலயங்களில் அனுமதி இல்லை.

சடங்கு நடக்கும்போது லென்ஸை மாற்றவே கூடாது. ஹோமச் சாம்பல் சென்சாரில் ஒட்டும்; கையில் இரண்டு லென்ஸும் தொப்பியுமாகத் தடுமாறும் அந்த நேரத்தில்தான் மேளம் கொட்டும். இன்னொன்று, குளிர்சாதனக் காரிலிருந்து நேராக இறங்கி எடுக்க முடியாது. நம் ஊர் ஈரக் காற்று பட்டதும் லென்ஸ் கண்ணாடியில் பனி படியும், துடைத்தாலும் மறுபடி படியும். அரை மணி நேரம் முன்னதாக வந்து பையை வெளியே வைத்துவிட வேண்டும்.

பதிவுக் கையெழுத்தையும் மறக்கக்கூடாது. முஸ்லிம் அல்லாதாருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆலயச் சடங்கு மட்டும் போதாது, பதிவும் வேண்டும். சிலர் முன்பே தேசியப் பதிவுத் துறை அலுவலகத்தில் முடித்திருப்பார்கள். சில ஆலயங்களில் நியமிக்கப்பட்ட உதவிப் பதிவாளர் முன்னிலையில் அன்றே கையெழுத்து நடக்கும். சின்ன மேசை, நான்கு தலைகள், ஒரு பேனா. அதற்கும் அகல முனையே சரி.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

காலை வெளிச்சம் உள்ளே வரும் ஆலயம் என்றால், கிட் லென்ஸை அகல முனையில் வைத்து எடுப்பதே போதும். விடியற்கால முகூர்த்தம், மாலை நேர வரவேற்பு, வெளிச்சம் புகாத கூடம் என்றால் முதல் தேர்வு 17-50 எஃப் 2.8 வகை ஜூம் லென்ஸ். டாம்ரோன், சிக்மா இரண்டும் இவ்வகையை விற்றிருக்கின்றன. 17இலிருந்து 50 வரை எங்கே வைத்தாலும் எஃப் 2.8 கிடைக்கும், மாற்றும் வேலையே இல்லை. ஒரே ஒரு திருமணத்துக்காக இதை வாங்க வேண்டியதில்லை. ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தால் போதும். முன்பணமும் அடையாள அட்டை விவரமும் கேட்பார்கள். ஆனால் திருமண நாள் காலையில் அல்ல, இரண்டு நாள் முன்பே எடுத்து வீட்டில் தம்பி தங்கையை உட்காரவைத்துப் பழகிக்கொள்ள வேண்டும்.

வாங்கத்தான் வேண்டும், கைக்காசு குறைவு என்றால், கேனன் வைத்திருப்பவருக்கு 24 மிமீ எஃப் 2.8, நிக்கான் வைத்திருப்பவருக்கு 35 மிமீ எஃப் 1.8 என்ற சின்ன லென்ஸ்களைப் பார்க்கலாம். நிக்கானின் 35 கொஞ்சம் குறுகலானது. மூன்று மீட்டரில் இரண்டு மீட்டர் அகலம்தான். மணமக்களுக்குப் போதும், பெற்றோரோடு எடுக்கக் கிட் லென்ஸுக்குத் திரும்ப வேண்டும்.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். நிக்கான் டி3000, டி5000 வரிசைக் கேமராக்களின் உள்ளே குவிக்கும் மோட்டார் கிடையாது. மோட்டார் இல்லாத பழைய லென்ஸை அவற்றில் மாட்டினால் தானாகக் குவியாது, கையால்தான் திருப்ப வேண்டும். நிக்கானுக்கென்று வந்த பழைய டாம்ரோன் லென்ஸ்கள் சிலவற்றிலும் இதே சிக்கல். கடையிலேயே தன் கேமராவில் மாட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்கக்கூடாது. இரண்டாவது, பூஞ்சை. மழைக்குப் பேர்போன தைப்பிங் முதல் ஈப்போ வரை நம் பக்கத்து ஈரத்தில், பெட்டியில் மூடிக்கிடந்த லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல வெள்ளை நூல் படர்ந்திருக்கும். கைவிளக்கை ஒரு முனையில் காட்டி மறுமுனை வழியாகப் பார்த்தால் தெரிந்துவிடும். வாங்கிய பிறகு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்தால் அது வராது.

அப்படியானால் 50 மிமீ எதற்கு? சடங்கு முடிந்த பிறகு அதற்கு நல்ல வேலை இருக்கிறது. மருதாணிக் கை, மெட்டி போட்ட கால், சாப்பிட்டுவிட்டுச் சிரிக்கும் தாத்தா, கூடாரத்து ஓரத்தில் நிற்கும் மணப்பெண். வெளிப்படப்பிடிப்புக்கு ஈப்போ ரயில் நிலையத்துக்குப் போகிறவர்கள் உண்டு. ஹப்பாக் வடிவமைத்து 1917இல் திறக்கப்பட்ட அந்த வெள்ளைக் கட்டடத்தின் நீண்ட தாழ்வாரத்தில், பின்னால் நகர எவ்வளவு வேண்டுமானாலும் இடம் உண்டு. அங்கே 50 மாட்டலாம்.

பின்னணியை மங்க வைப்பதற்கு முன்

50ஐ விரும்புகிறவர்கள் பின்னணி மங்கலாக வருவதைத்தான் முதலில் சொல்வார்கள். அடையாளம் இல்லாத மண்டபத்துச் சுவர் என்றால் அது மங்கட்டும். ஆனால் தோட்டத்துத் திருமணத்தில் பின்னணியில் இருப்பது என்ன? தகரக் கூரை, பாட்டன் காலத்து மாரியம்மன், மூலையில் முனியாண்டி மேடை, அப்பால் லயத்து வீடுகள். பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களில் செம்பனையும் போய்த் தாமான் வந்துவிட்டது. நிலம் கைமாறும்போது ஆலயமே இடம் மாறிப்போன தோட்டங்கள் உண்டு.

பத்து காஜா அருகே கெல்லி மாளிகையைப் பார்க்கப் போகிறவர்களுக்குப் பக்கத்திலுள்ள மாரியம்மன் ஆலயம் தெரிந்திருக்கும். ரப்பர் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் அந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1926இல் லிஸ்பனில் இறந்துபோக, அது பாதியில் நின்றது. அங்கே வேலை செய்த தமிழர்களை நோய் தாக்கியபோது அவர்கள் கேட்டுக்கொண்டதற்காக அவர் ஆலயம் கட்ட உதவினார் என்று சொல்லப்படுகிறது. ஆலயத்தின் மேல் தெய்வ உருவங்களோடு வெள்ளை உடையில் துரையின் உருவமும் நிற்கிறது. அந்த ஆலயத்தில் ஒரு திருமணத்தை எஃப் 1.8இல் முகம் மட்டும் வரும்படி எடுத்தால், துரை, தெய்வம், தோட்டம் எதுவும் இருக்காது. எந்த ஊர் என்றே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது.

அதனால் சடங்கு தொடங்கும் முன் ஒரு பத்து நிமிடம், 18 மிமீ, எஃப் 8 வைத்து ஆலயத்தை வெளியிலிருந்து, பந்தலோடு, லயத்து வீட்டு வாசல் கோலத்தோடு எடுத்து வைக்கலாம். ஆள் இல்லாமலும் எடுக்கலாம், ஆளோடும் எடுக்கலாம். இதற்கு எந்த லென்ஸும் போதும், கைப்பேசியும் போதும். மணமகளின் பாட்டி அந்தத் தோட்டத்தில் பால் வெட்டியவராக இருந்தால், அவரை மணமேடைக்கு அழைக்கும் முன் அவர் வீட்டு வாசலிலேயே ஒரு படம் எடுத்துவிடுவது நல்லது. பந்தியில் உட்கார்ந்த பிறகு அவரைத் தேடிப் பிடிக்க முடியாது.

குடும்பப் படமும் அச்சும்

கடைசியில் குடும்பப் படம். ஆறு பேர் தோளோடு தோள் நின்றால் மூன்று மீட்டர் அகலம் ஆகும். ஓரத்தில் கொஞ்சம் விட வேண்டும் என்பதால் நான்கு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 24 மிமீயில் நான்கு மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு பேர் என்றால் ஒரே வரிசையில் நீட்டாமல் இரண்டு வரிசையாக்கி, பெரியவர்களை நாற்காலியில் உட்காரவைக்கலாம். எஃப் 5.6க்குக் கொண்டுவந்தால் இரண்டு வரிசையும் தெளியும். ஆலயத்துக்குள் இருட்டில் இதைச் செய்யாமல் வெளியே கூடார நிழலில் செய்வது மேல். வெள்ளைக் கூடாரம் என்றால் வெளிச்சம் மெல்லப் பரவி முகத்தில் அழகாக விழும். சிவப்பு, மஞ்சள், நீலக் கூடாரம் என்றால் எல்லார் முகத்திலும் அந்த நிறம் ஏறும். கூடாரத்து ஓரத்துக்கு, திறந்த வானம் தெரியும் பக்கத்துக்கு எல்லாரையும் நகர்த்த வேண்டும். யார் யார் சேர்ந்து நிற்க வேண்டும் என்ற பட்டியலை மணமக்களிடம் முதல் நாளே வாங்கி, உரக்கக் கூப்பிடத் தெரிந்த ஒரு மாமாவிடம் கொடுத்துவிட்டால் வேலை கால் மணியில் முடியும்.

எடுத்த அன்று இரவே அட்டையிலிருந்து கணினிக்கும், இன்னொரு வட்டுக்கும் படி எடுத்துவிட்டுத்தான் தூங்க வேண்டும். பிறகு அச்சு. கடையில் 4ஆர் என்று கேட்டால் நான்குக்கு ஆறு அங்குலம். கேமரா எடுக்கும் படத்தின் வடிவமும் அதுவே, ஒன்றும் வெட்டுப்படாது. சுவரில் மாட்ட 8ஆர் என்று கேட்டால் எட்டுக்குப் பத்து அங்குலம். அதில் அகலத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஓரத்தில் நின்ற பெரியப்பா பாதியாகிவிடுவார். எட்டுக்குப் பன்னிரண்டு வேண்டும் என்று சொல்லிக் கேட்டால் முழுப் படமும் வரும். எட்டுக்குப் பத்துச் சட்டம் ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கும் வீடு என்றால், அதை முன்பே கேட்டுக்கொண்டு, குடும்பப் படத்தில் இரு பக்கமும் ஓர் ஆள் நிற்கும் அளவு இடம் விட்டு எடுக்க வேண்டும்.